ரப்பர் உறைக்குள் ஓர் இயற்பியல் பாடம்

வெளியூர் போய்விட்டு மோட்டார் சைக்கிளில் திரும்பும் உங்கள் தந்தையோ மாமாவோ, வண்டியை நிறுத்தியதும் முதலில் என்ன செய்கிறார் என்று கவனித்திருக்கிறீர்களா? பலரும் இரண்டு கைகளையும் உதறிக்கொள்வார்கள். விரல்களை மடக்கி நீட்டுவார்கள். "கை மரத்துப் போச்சு" என்பார்கள். உட்கார்ந்துகொண்டுதானே வந்தார்? கை எந்தச் சுமையையும் தூக்கவில்லையே! பிறகு ஏன் மரத்துப்போக வேண்டும்?

இந்தக் கேள்வி எனக்கு எழுந்தது என் சொந்தக் கைகளால்தான். நான் பணிபுரியும் கல்லூரி என் வீட்டிலிருந்து 30 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. 100 சி.சி. வண்டி ஒன்றில் பல ஆண்டுகளாகப் போய்வருகிறேன். சென்ற ஆண்டு ஒரு மாற்றத்தைக் கண்டேன். காலை முதல் வகுப்பில் கரும்பலகையில் வட்டம் போட்டால் அது கத்தரிக்காய் வடிவில் வந்தது. சாக்பீஸ் பிடித்த விரல்களில் எறும்பு ஊர்வது போன்ற குறுகுறுப்பு. வண்டியை விட்டு இறங்கி அரைமணி நேரம் ஆனாலும் அது தீரவில்லை.

வண்டியின் ஹேண்டில்பாரைப் பார்த்தேன். இரு முனைகளிலும் உள்ள ரப்பர் உறைகள், அதாவது கடையில் 'கிரிப்' என்று கேட்டு வாங்குகிறோமே அவை, வழுவழுவென்று தேய்ந்து மரக்கட்டை போல் கெட்டிப்பட்டிருந்தன. கடைக்குப் போய், கைக்கு அடங்காத பருமனில் ஸ்பாஞ்சு உறை ஒரு ஜோடி வாங்கி நானே மாட்டினேன். மெத்தென்று இருந்தால் கை வலிக்காது என்று ஓர் இயற்பியல் ஆசிரியரே நம்பினார் என்றால் பாருங்கள்! பத்து நாளில் வலி விரலிலிருந்து முழங்கை வரை ஏறிவிட்டது.

எங்கே தவறினேன்? அதைத் தெரிந்துகொள்ள, நடுக்கம் பிறக்கும் இடத்திலிருந்து தொடங்குவோம்.

நடுக்கம் எங்கே பிறக்கிறது?

100 சி.சி. எஞ்சினில் உள்ளது ஒரே ஒரு சிலிண்டர். அதனுள் பிஸ்டன் மேலும் கீழுமாக ஓடுகிறது. ஒவ்வொரு முனையிலும் நின்று, திரும்பி, எதிர்த்திசையில் ஓடவேண்டும். நிலைமம் உள்ள எந்தப் பொருளையும் அப்படித் திருப்ப விசை வேண்டும். எவ்வளவு விசை? ஒரு சிறு கணக்குப் போடுவோம்.

பிஸ்டன் ஓடும் தூரம் சுமார் 50 மில்லிமீட்டர். எனவே கிராங்கின் ஆரம் 25 மில்லிமீட்டர், அதாவது 0.025 மீட்டர். எஞ்சின் நிமிடத்திற்கு 5000 முறை சுற்றுவதாகக் கொள்வோம். அது வினாடிக்கு 83.3 சுற்று. கோணத் திசைவேகம் 2 × 3.14 × 83.3, அதாவது வினாடிக்கு 523 ரேடியன். முனைகளில் முடுக்கம் = ஆரம் × கோணத் திசைவேகத்தின் வர்க்கம். பெருக்கிப் பாருங்கள்: வினாடிக்கு வினாடி சுமார் 6850 மீட்டர் வரும். இது புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் 700 மடங்கு! பிஸ்டனும் அதைச் சேர்ந்த உறுப்புகளும் 100 கிராம் என்று வைத்துக்கொண்டால், விசை 685 நியூட்டன். ஏறத்தாழ 70 கிலோ எடையுள்ள ஒருவர் எஞ்சினை மேலும் கீழுமாக வினாடிக்கு 83 தடவை உலுக்குவது போன்றது இது. (இணைப்புத் தண்டின் சாய்வால் வரும் சிறு திருத்தங்களை இங்கே விட்டுவிட்டோம்.)

இந்த உலுக்கலைக் குறைக்க, பொறியாளர்கள் கிராங்கின் எதிர்ப்பக்கத்தில் எடை வைக்கிறார்கள். ஆனால் முழுவதையும் சமன்செய்ய முடியாது. கிராங்கோடு சுற்றும் எடை, பிஸ்டனின் மேல்-கீழ் உலுக்கலை ஒழித்தால், அதே அளவு முன்-பின் உலுக்கலை உண்டாக்கிவிடும். ஆகவே ஏறக்குறைய பாதியளவே சமன்செய்கிறார்கள். சில எஞ்சின்களில் இதற்கென்றே தனியாகச் சுழலும் ஒரு தண்டு உண்டு. அது இல்லாத வண்டிகளில் மீதி உலுக்கல் சட்டகத்தில் இறங்குகிறது.

குழாய் பாடும் பாட்டு

சட்டகத்திலிருந்து ஹேண்டில்பாருக்கு வருவோம். நடுவில் இறுக்கப்பட்டு இரு முனைகளும் அந்தரத்தில் நீண்டிருக்கும் எஃகுக் குழாய் அது. மேசை விளிம்பில் அளவுகோலை அழுத்திப் பிடித்து, நீட்டிக்கொண்டிருக்கும் முனையைச் சுண்டி விளையாடியிருப்பீர்கள். அளவுகோலுக்கு இருப்பது போலவே இந்தக் குழாய்க்கும் ஓர் இயல்பு அதிர்வெண் உண்டு. எஞ்சினின் அதிர்வெண் அதை நெருங்கும்போது ஒத்ததிர்வு ஏற்பட்டு வீச்சு பெருகுகிறது. குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் கண்ணாடியில் பின்னால் வரும் பேருந்து கலங்கித் தெரிவதும், வேகத்தைச் சற்றுக் கூட்டினாலோ குறைத்தாலோ தெளிவாவதும் இதனால்தான்.

பல வண்டிகளில் ஹேண்டில்பாரின் முனைகளில் கனமான உலோகக் குமிழ் ஒன்று திருகப்பட்டிருக்கும். அதை அழகுக்கு வைத்தது என்று எண்ணிவிடாதீர்கள். முனையில் நிறை கூடினால் குழாயின் இயல்பு அதிர்வெண் குறைந்து, எஞ்சின் வழக்கமாகச் சுற்றும் வேகத்திலிருந்து விலகுகிறது. முனையை உலுக்குவதும் கடினமாகிறது. உறை மாற்றும்போது இந்தக் குமிழைக் கழற்றி எறிந்துவிட்டு, "புது கிரிப் போட்டும் கை நடுங்குகிறது" என்று வருந்துவோர் உண்டு.

கை என்ன உணர்கிறது?

உள்ளங்கைத் தோலின் ஆழத்தில் அதிர்ச்சியை உணர்வதற்கென்றே நுண்ணிய உறுப்புகள் இருக்கின்றன. இத்தாலிய உடற்கூறியலாளர் பிலிப்போ பாச்சினியின் பெயரால் அவற்றைப் பாச்சினி நுண்ணுறுப்புகள் என்கிறோம். அவை 250 ஹெர்ட்ஸ் அளவில் மிகக் கூர்மையாக உணர்கின்றன. தோலின் மேல்மட்டத்தில் உள்ள மைஸ்னர் நுண்ணுறுப்புகள் அதைவிடத் தாழ்ந்த, 50 ஹெர்ட்ஸுக்கு உட்பட்ட அதிர்வுகளுக்கு உரியவை. அரைமணி நேரப் பயணத்தில் நமது 5000 சுற்று எஞ்சின் இவற்றை ஒன்றரை லட்சம் தடவை தட்டுகிறது! ஓயாமல் தட்டினால் அவை களைத்து மந்தமாகின்றன. இறங்கிய பிறகும் நீடிக்கும் மரப்பும் குறுகுறுப்பும் அதன் விளைவே.

இதைச் சிறு தொல்லை என்று தள்ளிவிடலாமா? 1918-இல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் உள்ள பெட்ஃபோர்டு பகுதியில், சுண்ணாம்புக்கல் செதுக்கும் தொழிலாளர்களை ஆலிஸ் ஹாமில்டன் என்ற மருத்துவர் ஆராய்ந்தார். காற்றழுத்தச் சுத்தியலைக் கொண்டு வேலை செய்தவர்களின் விரல்கள் குளிரில் வெளுத்து, உணர்ச்சியற்றுப் போயிருந்தன. உளியைப் பிடிக்கும் இடக்கை அதிகம் பாதிக்கப்பட்டிருந்தது. அவர் சுட்டிய காரணங்கள் மூன்று: கருவியின் அதிர்வு, குளிர், நெடுநேரம் விரல்களை இறுக்கிப் பிடித்திருத்தல். மூன்றாவது காரணத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் கதைக்குத் திறவுகோல் அதுவே.

பின்னாளில் ஜப்பானில் மோட்டார் சைக்கிளில் பணிபுரியும் காவலர்கள், தபால்காரர்கள் ஆகியோரின் கைகளையும் ஆராய்ந்தார்கள். 2002-இல் ஐரோப்பிய ஒன்றியம், தொழிலாளியின் கைக்கு வந்துசேரும் அதிர்வின் முடுக்கம் 8 மணி நேரக் கணக்கில் வினாடிக்கு வினாடி 2.5 மீட்டரைத் தாண்டினால் தடுப்பு நடவடிக்கை வேண்டும் என்றும், 5 மீட்டரைத் தாண்டவே கூடாது என்றும் விதித்தது. தினமும் அரைமணி நேரம் ஓட்டுபவர் அஞ்சவேண்டியதில்லை. ஆனால் காலை முதல் இரவு வரை வண்டியிலேயே இருந்து உணவுப் பொட்டலம் கொண்டுசேர்க்கும் இளைஞர்களை நினைத்துப் பாருங்கள். மரப்பு மணிக்கணக்கில் நீடித்தாலும் இரவில் தூக்கத்தைக் கெடுத்தாலும் மருத்துவரிடம் காட்டவேண்டும்.

ஒரு சோதனை

இப்போது ரப்பர் உறையின் வேலையைப் பார்ப்போம். பள்ளி ஆய்வுக்கூடத்திலிருந்து ஓர் இசைக்கவையை ஆசிரியரிடம் கேட்டு வாங்குங்கள். அதைத் தட்டி, அதன் காம்பை மேசைமேல் ஊன்றுங்கள். மேசை முழுவதும் அதிர்ந்து ஒலி பெருகும். அடுத்து, பாத்திரம் துலக்கும் ஸ்பாஞ்சுத் துண்டு ஒன்றை மேசைமேல் வைத்து, அதன்மேல் காம்பை மெதுவாக ஊன்றுங்கள். ஒலி மிகவும் தணிந்துவிடும். இனி ஸ்பாஞ்சு நசுங்கித் தட்டையாகும்வரை கவையை அழுத்துங்கள். அடங்கிய ஒலி மீண்டும் எழுவதைக் கேட்பீர்கள்!

காரணம் என்ன? அதிர்வைத் தடுக்கும் மெத்தை ஒரு சுருள்வில்லைப் போன்றது. அதன்மேல் உள்ள நிறையும் அந்த வில்லும் சேர்ந்து ஓர் இயல்பு அதிர்வெண்ணைப் பெறுகின்றன. வரும் அதிர்வெண் இதைப்போல் 1.4 மடங்குக்கு மேல் இருந்தால்தான் மெத்தை அதிர்வைக் குறைக்கும். வில் இளகியதாக இருந்தால் இயல்பு அதிர்வெண் தாழ்ந்திருக்கும். தடுப்பு நன்றாக நடக்கும். நசுக்கினால் வில் விறைக்கிறது, இயல்பு அதிர்வெண் ஏறுகிறது, தடுப்பு போய்விடுகிறது.

சில மில்லிமீட்டர் கனமே உள்ள கைப்பிடி உறையால் உயர்ந்த அதிர்வெண்களை ஓரளவு விழுங்க முடியும். எஞ்சினின் 80, 90 ஹெர்ட்ஸ் உலுக்கலை அதனால் பெரிதாகத் தடுக்க முடியாது. அதையும் இறுக்கிப் பிடித்தால் இருக்கும் சிறு பயனும் போயிற்று. மேலும், இறுகிய கை ஹேண்டில்பாரோடு ஒன்றாகிவிடுகிறது. அதிர்வு விரலோடு நிற்காமல் மணிக்கட்டு, முழங்கை என்று மேலே ஏறுகிறது.

ஆகவே கைப்பிடி உறையைப் பற்றி நாம் கேட்கவேண்டிய கேள்வி "எவ்வளவு மெத்தென்று இருக்கிறது?" என்பதன்று. "எவ்வளவு தளர்வாகப் பிடிக்க விடுகிறது?" என்பதே.

உராய்வு தரும் ஓய்வு

வலக்கை ஆக்சிலேட்டரைத் திருக்கிப் பிடித்திருக்கிறது. விட்டால் பழைய நிலைக்குத் திரும்ப அதில் ஒரு சுருள்வில் உண்டு. அந்த வில்லின் திருப்புத்திறன் 0.5 நியூட்டன் மீட்டர் என்றும், உறையின் ஆரம் 16 மில்லிமீட்டர் என்றும் கணக்குக்காக வைத்துக்கொள்வோம். உறையின் பரப்பில் கை கொடுக்கவேண்டிய விசை 0.5 ÷ 0.016, அதாவது சுமார் 31 நியூட்டன். இதை உராய்வு தரவேண்டும். உராய்வுக் குணகம் 0.5 ஆக இருந்தால் விரல்கள் 62 நியூட்டன் விசையுடன் அழுத்தவேண்டும். இது சுமார் 6 கிலோ எடைக்குச் சமம். உறை தேய்ந்தோ நனைந்தோ குணகம் 0.25 ஆகிவிட்டால் அழுத்தம் இரட்டிப்பாகி 13 கிலோ எடையை எட்டும். இதை அரைமணி நேரம் விடாமல் செய்யவேண்டும்!

என் பழைய உறை தந்த தொல்லை இப்போது விளங்குகிறதல்லவா? வழுவழுப்பானதால் நான் என்னை அறியாமல் இறுக்கிப் பிடித்திருக்கிறேன். புது ஸ்பாஞ்சு உறையோ வேறு வகையில் இறுக்க வைத்தது. பருமன் அதிகம் என்பதால் விரல்கள் முழுவதும் மூடவில்லை. பாதி திறந்த விரல்களால் அழுத்தும்போது முன்கைத் தசைகள் கூடுதலாக உழைக்கவேண்டும். மழைநீரையும் அது உறிஞ்சி வைத்துக்கொண்டது. மிகவும் மெல்லிய உறையும் நல்லதன்று. விரல்நுனிகள் உள்ளங்கையிலேயே குத்தும், கையின் பாரம் சிறு பரப்பில் விழும். உறையைச் சுற்றிப் பிடிக்கும்போது கட்டைவிரலின் நுனி ஆள்காட்டி விரலின் நுனியை எளிதாகத் தொடவேண்டும். கடையில் இந்த ஒரு சோதனை போதும்.

உறையின்மேல் உள்ள வரிகளுக்கும் வேலை உண்டு. வியர்வையும் மழைநீரும் வழிந்தோட அவை வாய்க்கால்கள். டயரின் வரிகள் செய்யும் வேலையே இது.

ரப்பர் ஏன் கெட்டிப்படுகிறது?

1839-இல் சார்லஸ் குட்இயர், ரப்பரைக் கந்தகத்துடன் சூடாக்கினால் அது உறுதிப்படுவதைக் கண்டார். ரப்பரின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளைக் கந்தகம் ஆங்காங்கே பிணைத்துவிடுகிறது. வண்டியை வெயிலில் நிறுத்தும்போது புறஊதாக் கதிர்களும், காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஓசோனும் இந்தச் சங்கிலிகளைத் தாக்குகின்றன. சில இடங்களில் சங்கிலி அறுகிறது. அப்போது உறை பிசுபிசுக்கும். சில இடங்களில் வேண்டாத புதுப் பிணைப்புகள் தோன்றுகின்றன. அப்போது கெட்டிப்பட்டு வெடிக்கும். கறுப்பு உறைகளில் கலந்துள்ள கார்பன் கரி, புறஊதாக் கதிர்களை விழுங்கி ரப்பரைக் காக்கிறது. நகத்தால் அழுத்தினால் பதியாத உறை, விரலில் ஒட்டும் உறை, விரிசல் கண்ட உறை ஆகிய மூன்றையும் மாற்றிவிடவேண்டும்.

நான் செய்த தவறு

சோப்பு நீர் தடவி ஸ்பாஞ்சு உறையை மாட்டினேன் அல்லவா? அது எளிதாக வழுக்கிக்கொண்டு ஏறியது. சற்று அதிகமாகவே ஏறிவிட்டது! ஒரு வாரம் கழித்து, மழை பெய்துகொண்டிருந்த மாலையில் ரயில்வே கேட்டை நெருங்கினேன். கேட் மூடியிருந்தது. ஆக்சிலேட்டரை விட்டேன். எஞ்சின் அடங்கவில்லை, உறுமிக்கொண்டே இருந்தது. பதறிப்போய்க் கிளட்சைப் பிடித்து, பிரேக்கை மிதித்து, சாவியைத் திருப்பி நிறுத்தினேன். உறை உள்பக்கமாக நகர்ந்து, ஸ்விட்சுகள் உள்ள பெட்டியோடு உரசி, ஆக்சிலேட்டரைத் திரும்பவிடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. கைக்கு இதம் தேடிப் போனவன் உயிருக்கே உலை வைத்துக்கொள்ளப் பார்த்தேன்.

மறுநாள் மெக்கானிக்கிடம் போனேன். "அண்ணே, நானே மாட்டினது" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, "சார், கம்பியில போட்ட சோப்பு அங்கேயேதான் இருக்கும். தண்ணி பட்டா மறுபடியும் வழுக்கும்" என்றார். பிறகு அவர் செய்த ஒவ்வொன்றும் எனக்கு ஒரு பாடமாக இருந்தது.

உறையின் விளிம்புக்கடியில் காற்றுக் குழாயின் முனையைச் செருகிக் காற்றை அடித்தார். உறை சற்று உப்பி, காற்றுப் படலத்தின்மேல் மிதந்து, கையோடு வந்துவிட்டது. ரப்பர் குழாயை இறுக்கும் விசையைக் காற்றின் அழுத்தம் தாங்கிக்கொண்டால் உராய்வுக்கு இடமில்லை. பழுதான ரப்பர் உறையென்றால் பிளேடால் நீளவாக்கில் கிழித்துவிடுவாராம்.

இடப்பக்க உறையையும் வலப்பக்க உறையையும் மாற்றிப் போட முடியாது என்பதையும் காட்டினார். இடப்பக்கம் உறை நேரே 22 மில்லிமீட்டர் குழாயின்மேல் ஏறுகிறது. வலப்பக்கம் அதே குழாயின்மேல் சுழலும் பிளாஸ்டிக் உருளை ஒன்று உண்டு. ஆகவே வலப்பக்க உறையின் துளை சுமார் 25 மில்லிமீட்டர்.

குழாயை எண்ணெய்ப் பிசுக்குப் போகத் துடைத்து, பசை தடவி, நடுத்தரப் பருமனுள்ள சாதாரண வரி ரப்பர் உறைகளை ஏற்றினார். ஏறும்வரை வழுக்கி, காய்ந்ததும் ஒட்டிக்கொள்வது பசையின் சிறப்பு. வலப்பக்க உறைக்கும் ஸ்விட்சுப் பெட்டிக்கும் நடுவே 2, 3 மில்லிமீட்டர் இடைவெளி விட்டார். முனைக் குமிழோடும் அது உரசாதபடி பார்த்துக்கொண்டார். எஞ்சினை அணைத்து வைத்து, ஹேண்டில்பாரை இடக்கோடிக்கும் வலக்கோடிக்கும் திருப்பி, ஒவ்வொரு நிலையிலும் ஆக்சிலேட்டரை முழுக்கத் திருக்கி விட்டார். 'டக்' என்று அது தானே திரும்பியது. "இந்தச் சத்தம் கேக்காம வண்டிய எடுக்கக் கூடாது சார். பசை காயட்டும், நாளைக்கு வந்து எடுத்துக்கோங்க" என்றார்.

நீங்கள் செய்யக்கூடியவை

கியர் உள்ள மோட்டார் சைக்கிளை ஓட்ட உங்களுக்கு 18 வயது நிரம்பி, உரிமமும் பெற்றிருக்கவேண்டும். அதுவரை ஓட்டவேண்டாம், ஆனால் ஆராயலாம்! இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டு வண்டியின் உறையை நகத்தால் அழுத்திப் பாருங்கள். நின்றிருக்கும் வண்டியில், எஞ்சினை அணைத்த நிலையில், பெரியவர் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு ஆக்சிலேட்டரைத் திருக்கி விட்டு, அந்த 'டக்' ஒலி கேட்கிறதா என்று பாருங்கள். கேட்காவிட்டால் உடனே சொல்லுங்கள். உங்கள் சைக்கிளின் கைப்பிடி உறை கழன்று சுழல்கிறதா என்றும் பாருங்கள். திருப்பத்தில் கையோடு கழன்று வந்தால் அதுவும் ஆபத்துதான்.

தந்தையிடம் இன்னொன்றும் சொல்லுங்கள்: "அப்பா, கிரிப்பை இறுக்கிப் பிடிக்காதீங்க. நழுவாத அளவுக்குப் பிடிச்சா போதும். நடுவுல எங்கேயாவது நிறுத்திக் கையை உதறிக்கோங்க." எடுத்த எடுப்பில் அவர் சிரிக்கலாம். இசைக்கவையையும் ஸ்பாஞ்சையும் வைத்துச் செய்து காட்டுங்கள், ஒப்புக்கொள்வார்.

என் கை இப்போது எப்படி இருக்கிறது என்கிறீர்களா? எஞ்சின் அதே எஞ்சின். வினாடிக்கு அதே 83 உலுக்கல். ஆனால் முதல் வகுப்பில் நான் போடும் வட்டம் மறுபடியும் வட்டமாகவே வருகிறது.